தண்ணீர் பார்த்த மெஷின்

என் தொழில் முழுவதும் ஒரு பைக்குள் அடங்கிவிடும். ஒரு கை ரம்பம், ஐந்தாறு உளிகள், இழைப்புளி, சுத்தி, டிரில், ஜிக்சா. இடம் மிச்சமிருந்தால் இரண்டு சட்டை. எட்டாவதோடு படிப்பை விட்டதிலிருந்து அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஓசூர், பெங்களூரு, திருப்பூர், நடுவில் ஹைதராபாத் என்று போய்க்கொண்டே இருந்தேன். வேலை முடிந்தால் கிளம்புவேன். சில இடங்களில் முடியாமலே கிளம்பியிருக்கிறேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. எனக்கு ஓர் இடத்தில் கால் நிற்காது, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு பையோடு வீடும் சேர்ந்து நகர ஆரம்பித்தது. செம்பாக்கத்தில் இப்போது இருப்பது எத்தனையாவது வாடகை வீடு என்று நான் எண்ணுவதில்லை. என் மனைவி எண்ணுவாள். மகள் ஆறாவது வருவதற்குள் மூன்று பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள்.

இப்படிப்பட்டவனின் போனுக்குத்தான் ஒரு பேண்ட்சாவின் படம் வந்தது. ஆள் உயர இரும்புச் சட்டம். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ரிப்பன்போல ஓடும் ரம்பப் பட்டை. நடுவில் ஒரு மேசை. அதில் மரத்தை வைத்துத் தள்ளினால் கோடு எப்படிப் போகிறதோ அப்படி வளைந்து அறுக்கும். இரும்புலியூரில் ஒருவர் பட்டறையை மூடுகிறார், பழைய மெஷின், ஓடும் நிலையில் இருக்கிறது என்று கீழே எழுதியிருந்தது.

எனக்கு அது தேவைதான். தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃபர்னிச்சர் கடைக்காரருக்கு நாற்காலியின் பின்னங்கால்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்னங்கால் நேராக இருக்காது. முதுகு சாய்வதற்காக மேலே போகப்போகப் பின்பக்கம் வளையும். ஜிக்சாவில் அறுத்தால் தடித்த மரத்தில் பிளேடு கோணிக்கொள்ளும், ஒரு காலைப்போல இன்னொரு கால் வராது. அதனால் மரத்தைத் தூக்கிக்கொண்டு, பேண்ட்சா வைத்திருக்கும் மரவாடிக்குப் போய், அவர்களுடைய வேலை எல்லாம் முடியும்வரை வெளியே உட்கார்ந்திருப்பேன். சில நாள் சாயங்காலம்வரை உட்கார்ந்துவிட்டுக் கட்டையோடு திரும்பி வந்ததும் உண்டு. கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார். பிறகு சொல்லிவிட்டார்.

“சொந்தமா மெஷின் போடு, வாரா வாரம் வேல தரேன். இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன். கோச்சிக்காத.”

பணம் என்று எங்களிடம் இருந்தது சீட்டு எடுத்த பணம் மட்டும். என் மனைவி ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள், சீட்டு கட்டியதும் அவள்தான். அந்தப் பணத்துக்கு ஒரு வேலையும் வைத்திருந்தோம். செம்பாக்கத்து வீடு பள்ளத்தில் இருக்கிறது. ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தால் ஏரிப் பக்கத்துத் தண்ணீர் வாசற்படி ஏறும். மேட்டுப் பக்கமாக ஒரு வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுப்பது என்று பேசி முடித்திருந்தோம். மெஷின் வாங்கினால் மேட்டு வீடு இல்லை. மேட்டு வீட்டுக்குப் போனால் கடைக்காரரின் வேலை இல்லை.

படத்தை அவளிடம் காட்டினேன். கத்துவாள் என்று நினைத்தேன்.

“எவ்ளோ வெயிட்டு இருக்கும்?” என்று கேட்டாள்.

“நாலு பேர் தூக்கணும்.”

“போய்ப் பாத்துட்டு வா” என்றாள். வெயிட்டை ஏன் கேட்டாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

புதன்கிழமை இரும்புலியூருக்குப் போனேன். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் பட்டறை. விற்கிறவர் என்னைவிட மூத்தவர், சர்ச்சுகளுக்கு பெஞ்ச் செய்து கொடுத்தவர். கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்களாம். மெஷின் மட்டும் மூலையில் பச்சை பெயிண்ட் பளபளக்க நின்றது.

பழைய மெஷின் பார்க்கிறவர்கள் செய்வதை எல்லாம் செய்தேன். மேல் கதவைத் திறந்து சக்கரத்தைக் கையால் சுற்றினேன். கீழ்க் கதவைத் திறந்து பேரிங்கில் காதை வைத்தேன். ஓடவிட்டு, அவர் வாங்கிக் கொடுத்த டீயை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். டீ லேசாக நெளிந்ததே தவிர விளிம்புவரை அலையவில்லை. வீட்டு கரண்டிலேயே ஓடும் மோட்டார். ஒரு துண்டு வேப்பங்கட்டையைக் கொடுத்து வளைவாக அறுக்கச் சொன்னார். அறுத்தேன். மரவாடியில் அரை நாள் காத்திருந்து வாங்கும் வளைவு, டீ ஆறுவதற்குள் கையில் இருந்தது.

“தண்ணி கிண்ணி பாத்துச்சாண்ணா?” என்று கேட்டேன். வெள்ளத்தில் முழுகியதா என்று எங்கள் பக்கத்தில் பழைய பைக் வாங்கினாலும் ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் கேட்கிற கேள்வி.

“இது மேடு தம்பி. இங்க ஏது தண்ணி?” என்றார்.

அவர் சொன்ன விலை எங்களிடம் இருந்ததைவிட ஒரு மாத வாடகை அளவுக்கு அதிகம். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறவில்லை. தாம்பரம் ஸ்டேஷன்வரை நடந்தேன். மனசு ஒரு நிலையில் இல்லாத நாட்களில் நான் போகும் இடம் அது. ப்ளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு தெற்கே போகும் வண்டிகள் நிற்கும் பக்கமாகப் போய் நிற்பேன். எங்கேயும் போகமாட்டேன். வண்டி கிளம்பும்போது ஜன்னலோரத்தில் இருக்கிறவர்களைப் பார்ப்பேன், அவ்வளவே. அன்றைக்கு நின்றுகொண்டிருக்கும்போது ஹைதராபாத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு மேஸ்திரி போன் செய்தான்.

“மச்சான், கோவால ஒரு ஹோட்டல் வேல. அம்பது ரூமு. திங்கக்கெழம கிளம்பறோம். பைய தூக்கினு வந்துகினே இரு.”

“இங்க ஒரு மெஷின் பாத்துகினு கீறேன்டா.”

“மெஷினா? உனுக்கா?” அவன் சிரித்த சிரிப்பு பக்கத்தில் நின்றவருக்கே கேட்டிருக்கும். “நீ எங்கடா அத வெப்ப? தலமேலயா?”

போனை வைத்தேன். கோபம் வரவில்லை. ஐம்பது அறை என்றால் எட்டு மாத வேலை. புது ஊர், கடல், யாரும் என்னைத் தெரியாத தெரு. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் என்னால் ஒரு கட்டையை ஒழுங்காக இழைக்க முடியவில்லை. எழுந்து வாசலுக்கு வருவேன், உள்ளே போவேன், தண்ணீர் குடிப்பேன். சனிக்கிழமை பையில் இருந்த சாமான்களை எல்லாம் வெளியே எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, மறுபடியும் அடுக்கினேன். மனைவி அதைப் பார்த்துக்கொண்டே காய் நறுக்கினாள்.

“நாளிக்கு நானும் வரேன், மெஷினப் பாக்க” என்றாள்.

“உனுக்கு மெஷினப் பத்தி இன்னா தெரியும்?”

“ஒண்ணுந் தெரியாது. வரேன்.”

ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச் முடிந்து வந்த பிறகு போனோம். வெள்ளைச் சட்டையோடு இருந்தார். என் மனைவி சக்கரத்தையோ மேசையையோ பார்க்கவில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது அவளுக்கு ஒரு முறை உண்டு. வீட்டுக்காரர் ஹாலைக் காட்டிக்கொண்டிருப்பார். இவள் கதவுக்குப் பின்னால் போய் சுவரின் அடியைப் பார்ப்பாள். பீரோ நின்ற இடத்தைப் பார்ப்பாள். எவ்வளவு சுண்ணாம்பு அடித்தாலும் கதவுக்குப் பின்னால் அடிக்க மறந்துவிடுவார்கள், தண்ணீர் நின்ற கோடு அங்கே இருக்கும். அவள் மட்டும் அல்ல, சில வருஷத்துக்கு முந்தைய பெரிய வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் வீடு பார்க்கிறார்கள்.

மெஷினின் கீழ்க் கதவைத் திறந்து போன் டார்ச்சை அடித்தாள். அதே கதவைப் புதன்கிழமை நானும் திறந்தேன். நான் பார்த்தது பேரிங்கை. அவள் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தாள். வெளியே மட்டும்தான் பச்சை. உள்ளே பழைய சாம்பல் நிறம். அதில் முழங்கால் உயரத்துக்குக் கீழே துருவேறிய ஒரு நேர்க்கோடு, கதவில் ஒன்று, எதிர்ச் சட்டத்தில் அதே உயரத்தில் ஒன்று. மூலையில் காய்ந்த சேறு. நகத்தால் சுரண்டி எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

“இன்னாண்ணா இது, மரத்தூளா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து பொய் சொல்லக் கூடாதுண்ணா.”

“புதன்கிழமதாம்மா சொன்னேன்” என்றார். “இன்னிக்கு இன்னும் ஒண்ணும் சொல்லல.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. பிறகு நடந்ததைச் சொன்னார். தெரு மேடுதான், பட்டறையின் பின்பக்கம் பள்ளம். அந்த வெள்ளத்தில் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் ஏறியது. மரத்தை எல்லாம் பரண்மேல் ஏற்றினார்கள், மெஷினை ஏற்ற முடியவில்லை. மோட்டார் கீழேதான் இருக்கிறது, முழுகிவிட்டது. பிறகு மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றி, இரண்டு பேரிங்கும் மாற்றி, அதற்கப்புறம் எத்தனையோ பெஞ்ச் அறுத்தாயிற்று.

“நாங்கல்லாம் மாடிக்கு ஓடிட்டோம். அது இங்கயே நின்னுது” என்றார்.

இதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ லேசாகிவிட்டது. தண்ணீர் பார்த்த மெஷின். வேண்டாம் என்று சொல்ல யாரும் குறை சொல்ல முடியாத காரணம். மேஸ்திரிக்கு போன் செய்துவிடலாம். பை ஏற்கனவே துடைத்துத் தயாராக இருக்கிறது. அதற்குள் மனசு ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

மனைவி என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தாள்.

“இன்னாயா, மூஞ்சி மலந்து கீது?”

“ஒண்ணுமில்லயே.”

“கோவாவுக்கு டிக்கெட் போட்டாச்சா?”

கோவாவைப் பற்றி நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. மேஸ்திரி அவளுக்கும் போன் செய்திருக்கிறான்.

“இன்னும் போடல.”

“இன்னும் போடலயா, போடவே மாட்டியா?”

நான் ரோட்டைப் பார்த்தேன். ஒரு தண்ணீர் லாரி போனது. அது போகும்வரை காத்திருந்தாள்.

“நாம இருக்கறது தண்ணி பாத்த வூடு இல்லயா? சொவத்தக் கழுவிகினு இருக்கறோம் இல்ல? மெஷினுக்கு மட்டும் இன்னா வந்துது?”

“அப்ப மேட்டு வூடு?”

“மேட்டு வூட்டுக்குப் போனா ஒரு வருஷம் இருப்ப. அப்புறம் அங்கயும் உனுக்குக் கால் நிக்காது. நான் சாமான் கட்டறதுக்குக் கடை கடையா அட்டப்பெட்டி கேட்டுகினு நிப்பேன். போதும்யா. வேணாம்னா அந்த மெஷின் ஓடலன்னு சொல்லு, நம்பறேன். தண்ணி பாத்துதுன்னு சொல்லாத.”

மெஷின் ஓடியது. வேப்பங்கட்டை வளைவு இன்னும் என் சட்டைப் பையில் இருந்தது. அதைத் தடவிப் பார்த்தேன். ஓடவில்லை என்று சொன்னால் அவள் நம்புவாள் என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

“ஓடுது” என்றேன்.

அவள் உள்ளே போய் அந்தக் கோட்டைக் காட்டியே பேரம் பேசினாள். விலை எங்கள் கைக்குள் வந்ததோடு, மெஷினுக்கு ஒரு மேடை கட்டச் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் கொஞ்சம் மிஞ்சியது. அவர் தானாகவே இரண்டு புது பிளேடு கொடுத்தார்.

அன்று மாலையே மோட்டார் வைத்த ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றினோம். வண்டிக்காரர் ஒரு பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். “பாக்க ஒல்லியா கீது, தூக்கினா யானையா கீதுப்பா. உள்ள ஆள் கீள் குந்திகினு கீறானா?” செம்பாக்கம் வரும்வரை ஒவ்வொரு பள்ளத்திலும் திரும்பி மெஷினைத் திட்டிக்கொண்டே வந்தார். மேஸ்திரிக்கு வண்டியில் உட்கார்ந்தபடியே போன் செய்து, கோவாவுக்கு வரவில்லை என்று சொன்னேன். “மெஷின தலமேலயே வெச்சிகினியா?” என்றான்.

வீட்டுக்குப் பக்கத்தில் வீட்டுக்காரருடைய ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் ஒன்று இருக்கிறது, மாத வாடகைக்கு எடுத்திருந்தேன். அதன் சுவரிலும் தண்ணீர்க் கோடு உண்டு. அந்தக் கோட்டுக்கு இரண்டு செங்கல் உயரமாக ஒரு மேடை கட்டச் சொன்னேன். மெஷினோடு நானும் மேலே நின்றுதான் அறுக்க வேண்டும், அதனால் மேடை அகலமாக ஆகிவிட்டது. இப்போது கூரை என் தலைக்கு ஒரு சாண் மேலே, வெயில் நேரத்தில் மண்டை வெந்துவிடும். ஃபர்னிச்சர் கடைக்காரர் பார்க்க வந்தவர், “இன்னாபா, மெஷினுக்குக் கல்யாணமா? மேடலாம் போட்டு வெச்சிருக்க” என்றார். ஆனால் வாரா வாரம் மரம் அனுப்புகிறார்.

மேடை கட்டிய அன்று கொத்தனார் கையில் நாலு போல்ட்டோடு என்னைப் பார்த்தார்.

“இத காங்கிரீட்டுல போட்டு மூடிறவா, இல்ல மெஷின சும்மா மேல வெச்சிக்கிறியா? வெயிட்டுக்கு அதுவே நிக்கும். நாளிக்கு எடுக்கணும்னா ஈசியா எடுக்கலாம்.”

மனைவி வாசலில் நின்றிருந்தாள். கலவை இறுக ஆரம்பித்திருந்தது. கொத்தனார் என்னை இரண்டாவது முறை கேட்டார்.

“போட்ருங்க” என்றேன்.

இந்த வருஷ மழையில் தண்ணீர் ஷெட்டுக்குள் வந்தது. பழைய கோட்டுவரை வரவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு மேடையில் உட்கார்ந்திருந்தேன், காலுக்குக் கீழே மரத்தூள் மிதந்து போனது. அப்போதும் நினைப்பு தாம்பரம் ஸ்டேஷனுக்குத்தான் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் போகிறேன், ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன்.

போல்ட் காங்கிரீட்டுக்குள் இருந்தாலும் நட்டு வெளியேதான் இருக்கிறது. பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் இருந்தால் நாலையும் கழற்றிவிடலாம். அந்த ஸ்பேனர் என் பையில் இருக்கிறது. போன வாரம் அவள் ஏதோ தேடும்போது அதை எடுத்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஜிப்பை மூடினாள்.