இருபத்து நாலு தையல்

வளைவு இருக்கிறது என்று எச்சரிக்கும் மஞ்சள் பலகை எங்கள் தெருவை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்து அதை இடித்துச் சாய்த்தது. மதியம் நகராட்சி ஆட்கள் இருவர் வந்து, நிமிர்த்தி எடுத்து வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் பலகையைத் தூக்கி வண்டியில் போட்டார்கள். அதே மதியம்தான் நானும் பையை மாட்டிக்கொண்டு உலகம் சுற்றக் கிளம்பினேன். என் டாக்சி மெயின் ரோடு வரை அந்த வண்டிக்குப் பின்னாலேயே போனது. இரண்டு வருடம் எட்டு மாதம் கழித்து வந்தேன். பலகையும் நானுமாகக் கிளம்பிய இருவரில் திரும்பி வந்தது நான் மட்டும்தான்.

வந்து தங்கியது சித்தி வீட்டில். சித்தி டைலர். வீடு தெருவுக்கு இந்தப் பக்கம், கடை அந்தப் பக்கம், நடுவில் வளைவு. கடை வாசலில் நின்றால் வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது. காதால்தான் பார்க்க வேண்டும். சித்தி ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது அந்த இடத்தைக் கடப்பாள். அடுப்பில் வைத்ததை இறக்க, சித்தப்பாவுக்கு மாத்திரை கொடுக்க, மறந்துபோன கண்ணாடியை எடுக்க.

சித்திக்கு யார் பெயரும் மனதில் நிற்காது, அளவு மட்டும் நிற்கும். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரை "நாப்பத்தி ரெண்டு இடுப்பு" என்றுதான் சொல்வாள், அவர் இளைத்து முப்பத்தெட்டான பிறகும். அளக்காமல் எதையும் நம்ப மாட்டாள். நான் போய் வந்த நாடுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்த முதல் நாளே, என் தோளில் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு இஞ்ச் குறைஞ்சிருக்க. அங்கெல்லாம் சோறு போடலையா?" என்றாள். என் பயணக் கதை அத்தோடு முடிந்தது.

நான் இல்லாதபோது நடந்ததை சித்தப்பா சொன்னார். பலகை போன ஏழாவது மாதம், ஒரு மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பிய வேகத்தில் சித்தியைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு. அந்த ஆறு வாரமும் அவள் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாளாம். வெளியூரில் இருக்கும் என் அக்கா, அதாவது சித்தியின் மகள், கடையை மூடிவிட்டு என்னோடு வந்து இருங்கள் என்று அன்றிலிருந்து நச்சரிக்கிறாள். சித்தப்பாவும் அவள் கட்சிதான். கடைசியில் ஒரு கெடு வைத்திருந்தார். வருஷக் கடைசிக்குள் பலகை வர வேண்டும், இல்லாவிட்டால் கடை இல்லை.

"முப்பத்தொரு வருஷமா அந்த மெஷின்ல உக்கார்றேன். ஒரு தகரத்துக்காக எந்திரிக்கச் சொல்றாரு," என்றாள் சித்தி என்னிடம், அவர் காதில் விழும்படி.

தெருக்காரர்களுக்கும் குறை இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடம் விடும் நேரம், வளைவிலேயே நிறுத்தும் வேன்கள், எரியாத விளக்கு என்று ஆளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். நாற்பத்தொரு கையெழுத்து போட்டு மனு கொடுத்தோம். போக்குவரத்துப் பிரிவிலிருந்து பதில் வந்தது: வாகனங்கள் அதிக வேகத்தில் செல்வதற்கு ஆதாரம் தரவும். கூட்டம் போட்டார்கள். மருந்துக்கடைக்காரர் எண்பதில் போகிறான் என்றார். மாடிவீட்டு டீச்சர் நூறு என்றார். சைக்கிள் கடைக்காரர் நூற்றிருபது என்றதும் சித்தி எழுந்து வந்துவிட்டாள். உத்தேசமாகச் சொல்வது அவளுக்கு ஆகாது.

மறுநாள் காலை அவளும் சித்தப்பாவும் ரோட்டில் குனிந்துகொண்டிருந்தார்கள். தையல் டேப்பால் ரோட்டை அளந்தார்கள். நூற்றைம்பது சென்டிமீட்டர் டேப் பதின்மூன்று தடவை, அப்புறம் ஐம்பது. மொத்தம் இருபது மீட்டர். ஒரு முனை வளைவுக்கு அப்பால், மறுமுனை கடை வாசலில். இரண்டு இடத்திலும் டைலர் சாக்குக்கட்டியால் கோடு.

வேகத்தை அளப்பதற்குத் தையல் மெஷின். பெடலை முழுக்க அழுத்தினால் நிமிஷத்துக்கு அறுநூறு தையல், அதாவது நொடிக்குப் பத்து. சித்தப்பா தன் கைக்கடிகாரத்தை வைத்து மூன்று முறை சரிபார்த்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், கணக்கையும் அவரே போட்டார். எங்கள் மாதிரித் தெருக்களில் முப்பதுக்கு மேல் போகக்கூடாது. முப்பதில் வரும் வண்டி இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கும் நேரத்தில் மெஷின் இருபத்து நாலு தையல் போடும். அதற்குக் குறைந்தால் வண்டி சட்டத்தை மீறுகிறது என்று அர்த்தம்.

முதல் கோடு கடைக்குள்ளிருந்து சித்தியின் கண்ணுக்குத் தெரியாது என்பதால் சித்தப்பா அவளுக்கும் தெரியும்படி வளைவோரம் போய் நின்றார். வண்டி முதல் கோட்டைத் தொடும்போது அவர் வெள்ளைக் கைக்குட்டையை வீசுவார், சித்தி பெடலை அழுத்துவாள். வண்டி வாசல் கோட்டைத் தாண்டியதும் காலை எடுப்பாள். ஒரு வண்டிக்கு ஒரு வரி. லாரிக்குச் சிவப்பு நூல், காருக்கு நீலம், இரண்டு சக்கரத்துக்குக் கறுப்பு. மூன்று நாளில் இருநூற்றுப் பதினாறு வரி. மூன்று மீட்டர் வெள்ளைத் துணி நிறைந்துவிட்டது. என் வேலை தையலை எண்ணி ஓரத்தில் பென்சிலால் எழுதுவது. முப்பத்தி மூன்று, முப்பத்தாறு, முப்பத்தொன்று என்று எழுதிக்கொண்டே போனேனே தவிர, அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று நான் யோசிக்கவில்லை. அவர்களும் யோசிக்கவில்லை. துணி அவ்வளவு அழகாக வந்திருந்தது.

போக்குவரத்துப் பிரிவுப் பொறியாளர் இளைஞர். சித்தி அவரைப் பார்த்ததுமே மார்பு நாற்பது, தோள் பதினேழரை என்று என் காதில் சொன்னாள். அவர் சிரிக்காமல் துணியை மேஜையில் விரித்து, முறையைக் கேட்டு, கால்குலேட்டரைத் தட்டினார்.

"அம்மா, இதுமாதிரி ஒரு ஆதாரத்தை நான் பாத்ததே இல்ல. ஆனா உங்க துணிப்படி எல்லாரும் இருபது, இருபத்தி மூணுலதான் போறாங்க. அப்புறம் போர்டு எதுக்கு?"

சித்தி துணியை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தாள். சித்தப்பா ஒரே ஒரு தடவை, வருஷம் முடிய நாலு மாதம் இருக்கிறது என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, கெடுவை ஞாபகப்படுத்தினாரா என்று தெரியவில்லை.

தெருமுனையில் இறங்கி நடந்தோம். வெயில். வளைவருகே சித்தப்பா நின்று, பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை உதறி எடுத்து நெற்றியைத் துடைத்தார். பறந்து வந்த ஒரு வேன் சடாரென்று பிரேக் போட்டு, எங்களை மரியாதையாகப் பார்த்தபடி ஊர்ந்து போனது.

சித்தி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க. மூணு நாளா ரோட்டுல நின்னு கொடி காட்டியிருக்கீங்க."

"நீதானே காட்டச் சொன்ன."

"வெள்ளைச் சட்டை, கையில கடிகாரம், கைக்குட்டை. போலீஸ்னு நெனச்சிருக்கான் ஒவ்வொருத்தனும்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது இருவரும் நினைத்து நினைத்துச் சிரித்தார்கள். சித்தப்பாவுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை சித்தப்பா கடைக்கு மேல் இருந்த துணி அறையில் ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் முதல் கோடு நன்றாகத் தெரியும். அவர் விரலில் கட்டிய நூல் ஜன்னல் வழியாக இறங்கி, கடைக்குள் வந்து, சித்தியின் இடது மணிக்கட்டில் முடிந்தது. வண்டி கோட்டைத் தொட்டால் ஒரு இழுப்பு. வாடிக்கையாளர்கள் வந்து கேட்டால், ஏதோ வைத்தியம் என்று சொல்லிச் சமாளித்தாள். இந்தத் துணியில் வரிகள் குட்டையாக இருந்தன. பதினெட்டு, பதினாலு, பதினாறு. ஒரு சிவப்பு வரி பன்னிரண்டில் நின்றது. அதை எண்ணியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது போய்ச் சரியாக ஒரு நிமிஷம் கழித்து, சித்தி அடுப்பைப் பார்க்க அந்த ரோட்டைத்தான் கடந்தாள்.

பொறியாளர் இரண்டாவது துணியை நம்பவில்லை. நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். வந்தார், பளபளக்கும் ஆரஞ்சு நிற மேலங்கியோடு. அரைமணி நேரம் ரோட்டோரம் நின்றார். எல்லா வண்டியும் ஆமைதான்.

"தம்பி, முதல்ல அதைக் கழட்டுங்க," என்றாள் சித்தி.

"ரூல்மா. ரோட்டுல நின்னா போட்டுத்தான் ஆகணும்."

"ரோட்டுல யாரு நிக்கச் சொன்னா? மேல போய் அவர்கூட உக்காருங்க. அங்கிய என்கிட்ட குடுங்க, ரெண்டு பட்டன் தொங்குது."

அவர் சித்தப்பாவின் பக்கத்தில் ஒரு மணி நேரம், கையில் செல்போன் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். இறங்கி வரும்போது முகத்தில் கேலி இல்லை. ஃபைலை மேலே அனுப்புகிறேன், ஆனால் எப்போது வரும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். இறுக்கித் தைத்த பட்டன்களை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

வருஷக் கடைசி வந்தது, பலகை வரவில்லை. அக்கா போனில் நாள் குறித்துக் கேட்டாள். சித்தி கெடு முடிந்த மறுநாள் காலை வழக்கம்போல் கடைச் சாவியை எடுத்தாள். சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினார். தடுக்கப் போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் முதல் சாக்குக்கட்டிக் கோடு இருந்த இடத்தில் போய் நின்று, கடிகாரத்தைப் பார்த்து, கைக்குட்டையை உதறினார். வந்துகொண்டிருந்த கார் தவழ்ந்தது.

"இப்ப கடந்து போ," என்றார்.

அதிலிருந்து அவள் கடக்கும் பத்து தடவையும் அவர் இறங்கி வந்தார். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் குழந்தைகளுக்காகவும் நின்றார். சித்தி ஒரு டஜன் வெள்ளைக் கைக்குட்டைக்கு ஓரம் அடித்துக் கொடுத்தாள். அக்காவிடம், இப்போது தனக்கு வேலை இருக்கிறது, வர முடியாது என்று சித்தப்பாவே போனில் சொல்லிவிட்டார்.

மார்ச்சில் நான் மறுபடி கிளம்பிவிட்டேன். ஒரு வருடம் கழித்து, வேறொரு நாட்டில் ஒரு பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பாவிடமிருந்து செய்தி வந்தது. அவர் எனக்கு எழுதிய முதல் செய்தி அதுதான்.

"போர்டு வந்துடுச்சு. மஞ்சள் ஒண்ணு, முப்பதுன்னு போட்டு வட்டமா ஒண்ணு. நேத்து உங்க சித்தி என்னை ஜன்னல்ல உக்கார வெச்சு அளந்து பாத்தா. இருபத்தாறு தையல் வருது. பத்தாதுங்கறா. நாளையிலேருந்து வழக்கம்போல கீழ வந்து நிக்கணுமாம்."