இருமினால் பூக்கும் சுவர்

போன ஞாயிறு காலை பதினொன்று பன்னிரண்டுக்கு, என் கட்டுரையை ஓர் இருமல் தோற்கடித்தது. நேரத்தை டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். தோல்விக்கும் ரெக்கார்டு வேண்டாமா?

இடம், நந்திதுர்க் வாசகசாலை ஆண்டு விழா. நம் ஊர்த் தங்கச் சுரங்கங்களில் எந்த ஷாஃப்ட் குழி எந்த வருஷம் தோண்டப்பட்டது, எந்த வருஷம் மூடப்பட்டது என்று நான் திரட்டிய வரலாற்றைப் படித்தேன். அதில் தேதிகளைத் தவிர ஒன்றுமே இல்லை என்பாள் என் மனைவி. பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்குப் பின்னால் சுவரில் படம் காட்ட வந்தவள் எதிர்வீட்டு பிரமிளா. தினமும் ரயிலேறி பெங்களூரு போகிறவள். அங்கே ஒரு கல்யாண ஈவென்ட் கம்பெனியில், மாப்பிள்ளை பெண் பெயர்களைத் தங்க எழுத்தில் சுழலவிடுவது வேலை. பெங்களூரில் நடக்கப்போகும் ஓர் ஒளி விழாவுக்கு அவள் ஏழு நிமிட வீடியோ அனுப்ப வேண்டும் – ஒரே டேக், வெட்டி ஒட்டக் கூடாது, அன்று மாலை ஐந்துக்குள். தேர்வானால் சொந்தமாக ஒரு ஷோ. இல்லாவிட்டால்... திங்கட்கிழமை மறுபடி தங்க எழுத்து.

சாஃப்ட்வேரைக் காட்டினாள். ஸ்கிரீன் முழுக்கச் சின்னச் சின்ன டப்பாக்கள், டப்பாவுக்கு டப்பா ஒயர். ஒரு முனையில் என் மைக், ஹால் மைக் இரண்டின் சத்தமும் நுழைந்தால், மறுமுனையில் படமாக வெளியே வரும்.

"முன்னாடியே எடுத்து வெச்ச வீடியோ இல்ல மாமா. சத்தம் வர்ற அந்த நிமிஷம்தான் படம் பொறக்கும். திரும்பி அதே மாதிரி வராது."

"அப்போ டைரியில எதை எழுதறது?"

"இன்னா மாமா நீங்க... சும்மா பாருங்களேன்!"

பத்து மணி ஒத்திகையில் என் குரலுக்குச் சுவரெல்லாம் நீல நூல்கள் நெளிந்தன. ஆழமான, கனத்த சத்தத்துக்கு ஆரஞ்சுப் பூ வெடிக்குமாம். அது கடைசியில் அவள் போடப்போகும் மேளத்துக்கு. நானும் அடிவயிற்றிலிருந்து ஒரு தேதியைச் சொல்லிப் பார்த்தேன். மொட்டுகூட வரவில்லை.

பதினொன்றுக்கு ஜனம் வந்தது. முதல் வரிசை முழுக்க மைன்ஸ் பென்ஷன்காரர்கள். பிரமிளாவின் ஏழு நிமிட ரெக்கார்டிங் ஓட ஆரம்பித்தது. நான் இரண்டாவது ஷாஃப்ட்டைத் தாண்டவில்லை. நம் ஊர் மைசூர் மைன்ஸில் பாறை குடையும் டிரில் மெஷின் பிடித்த மாணிக்கம் அண்ணன் இருமினார்.

சுவர் முழுக்க ஆரஞ்சு!

ஹாலே "ஓ"வென்றது. இன்னொரு இருமல். இன்னொரு பூ, அதைவிடப் பெரிது.

"இன்னாடா இது, எனக்கா பூக்குது?" என்றார் மாணிக்கம். சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே ஒருமுறை இருமினார். ஒன்றும் வரவில்லை.

"பொய் இருமல்னு கண்டுபுடிச்சிடுச்சு டோய்!" என்றார் பக்கத்து சீட் பெருமாள். சிரித்த சிரிப்பில் அவருக்கே நிஜ இருமல் வந்து, சுவரில் ஒரு தோட்டம்.

என் தேதிகளை யார் கேட்டார்கள்? கடுப்பில், லேப்டாப் பக்கம் திரும்பி இரண்டு விரலால் கத்திரி காட்டினேன். வெட்டு! பிரமிளா என்னைப் பார்த்தாள், முதல் வரிசையைப் பார்த்தாள், மவுஸை அசைத்தாள்.

நீல நூல்கள் காணாமல் போயின.

வெட்டப்பட்டது என் ஒயர். மிச்ச நிமிஷமெல்லாம் சுவர் இருமலுக்கே சொந்தம். மேளத்தைக்கூட அவள் போடவில்லை. நான் கடைசி ஷாஃப்ட் வரை படித்தேன் – சுவரும் கேட்கவில்லை, சபையும் கேட்கவில்லை.

"என்னை ஏம்மா வெட்டின?"

"நீங்கதானே மாமா கத்திரி காட்டுனீங்க?"

"அவங்களை வெட்டச் சொன்னேன்!"

"அவங்களை வெட்டினா மிச்சம் இன்னா இருக்கும்? நூலு."

நம் ஊரில் கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம் – எல்லாவற்றுக்கும் பின்னணி இசை இந்த இருமல்தான். கல் தூசி தின்ற நெஞ்சுகள். பழகிப் பழகி நமக்கு அது காதில் விழுவதே இல்லை. நானும்தான் எத்தனை ஷாஃப்ட்டுக்குத் தேதி தேடியிருக்கிறேன்... மாணிக்கம் அண்ணன் எந்த வருஷம் இரும ஆரம்பித்தார் என்று ஒருநாளாவது கேட்டேனா? எந்த ஊர்க்காரனோ எழுதிய சாஃப்ட்வேர், வந்த அன்றே கேட்டுவிட்டது.

வியாழக்கிழமை பெங்களூரிலிருந்து மெயில். பிரமிளா தேர்வு! வீடியோவில் வரும் அந்த ஆழமான வாத்தியம் என்ன, வாசிப்பவரை நேரில் அழைத்து வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

அவள் மெயிலைப் படித்துக் காட்டியதும் மாணிக்கம் அண்ணன் யோசித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வரேன்னு எழுதும்மா. வாத்தியத்துக்குத் தனி டிக்கெட் வாணாம்னும் எழுது... நெஞ்சுலயே கீது."