முதல் சிட்டிகை என் வாயில்

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பிறர் வயிற்றைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவேன். அப்படிப்பட்டவன் ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆள் நிற்கையில், சுக்குப் பொடியைத் தராசிலேயே விட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன். அன்றைக்கு அது முதல் ஓட்டமும் இல்லை.

திரும்பி வந்தால் சரசு அக்கா நிற்கிறார். கேரி தீவுச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. சாப்பிட்டதும் வயிறு ஊதிக்கொள்கிறது என்று மாதாமாதம் ஓமம், சீரகம், சுக்கு கலந்த பொடி வாங்குவார். வழக்கம்போல என் கேள்விகளைக் கேட்டேன். எடை குறைகிறதா, மலத்தில் ரத்தம் போகிறதா, வலி தூக்கத்தைக் கெடுக்கிறதா? எதற்காவது ஆமாம் என்றால் பொடி கிடையாது, நேரே கிளினிக்தான். இந்தக் கண்டிப்பில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அக்கா எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். பிறகு என் இடுப்பைப் பார்த்தார்.

"உங்கள யாருண்ணே கேக்குறது? சிலுவார் கழண்டு விழுது லா."

கால்சட்டை நிற்கவில்லை என்று பெல்ட்டில் புது ஓட்டை போட்டதை, தொந்தி கரைந்த சாதனையாக வீட்டில் பீற்றிக்கொண்டிருந்தேன். அப்பா குடல் புற்றுநோயில்தான் போனார். அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் டாக்டரைப் பார்க்கும்வரை என்னிடம் பொடி வாங்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, அக்கா வெறுங்கையோடு பஸ் ஏறிவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். ரத்தம் எடுத்தார்கள், குடலுக்குள் கேமரா விட்டார்கள். முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை. கெட்டது ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவர் அறையிலேயே அழுதுவிட்டேன்.

அப்புறம்தான் என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார். ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொன்னேன். தொழிலைப் பற்றிக் கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எந்தப் பொடியை எடை போட்டாலும் முதல் சிட்டிகை என் வாயில்தான் விழும். வாங்குகிறவருக்கு நம்பிக்கை வர வேண்டுமே! மலச்சிக்கலுக்கு நிலாவரை கேட்டு நாள் முழுக்க ஆட்கள் வருவார்கள்.

"அங்கிள், கிள்ளான்ல மலச்சிக்கல் உள்ளவங்க எல்லாருக்கும் சேர்த்து நீங்களே பேதிமருந்து சாப்பிட்டிருக்கீங்க."

சிட்டிகையை நிறுத்தினேன், ஓட்டமும் நின்றது. மருந்து விற்க வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கல்லாவுக்கு அந்தப் பக்கம் கேட்கிற கேள்வியை இந்தப் பக்கமும் கேளுங்கள்.

அடுத்த மாதம் சரசு அக்கா வந்தார். இந்தத் தடவை கேள்விகளை அவர் கேட்டார், எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். அவருடைய பொடியை எடை போட்டேன். பழக்கதோஷம், கை தானாக வாய்க்குப் போனது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ வைங்கண்ணே. அது என் வயித்துக்கு."