மூக்கண்ணனும் இரண்டு கூடைகளும்

அந்தக் கல்லூரியின் நுண்ணுயிரியல் லேபில் இருபத்தாறு வருஷமாக அட்டெண்டராக இருப்பவரின் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் மூக்கண்ணன். மாணவர்கள் கிருமி வளர்த்துப் பார்த்து முடித்த ட்யூப்களை ஆளுயரக் குக்கரில் வேகவைத்துக் கொன்ற பிறகுதான் கழுவப் போட வேண்டும். வெந்ததா என்று தெரிய, சூட்டில் கறுப்புக் கோடு விழுகிற டேப்பைக் கூடையில் ஒட்டுவார்கள். இவருக்கு எதற்கு டேப்? கூடைமேல் குனிந்து ஒரு மோப்பம், "வெந்தாச்சு, எடுத்துக்க" என்பார். டேப் தீர்ந்து இரண்டு மாதமாகியும் கேட்டு வாங்கவில்லை. அந்தத் திமிரை என்னவென்று சொல்ல!

அன்று காலை அவருக்கு நல்ல ஜலதோஷம். மேஜையில் ஒரே மாதிரி இரண்டு கூடைகள். ஒன்று நேற்று மாலை வெந்தது, மற்றது வேகாதது. எது எது என்று நேற்று நன்றாகத் தெரிந்திருந்தது. இன்று பார்த்தால், மேஜையைத் துடைத்தவர்கள் இரண்டையும் நகர்த்தி வைத்திருந்தார்கள்.

ட்யூப் கழுவும் பெண் வந்தாள். வயிற்றில் ஐந்து மாதம் அவளுக்கு.

"எதண்ணே எடுக்கட்டும்?"

மோந்தார். இதையும் மோந்தார், அதையும் மோந்தார். சுவரை மோந்தது போலத்தான் இருந்தது. மூக்கடைப்பு, தெரியவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை. இடதுபக்கம் இருந்ததைக் காட்டினார்.

பத்தே நிமிடத்தில் தொட்டிக்குள் ஒரு ட்யூப் உடைந்து, கையுறையைக் கிழித்து அவள் விரலில் இறங்கியது.

லேப் பொறுப்பாளரான மேடம் ஓடிவந்தார். "எந்தக் கூடை? வெந்ததா?"

"அண்ணன் மோந்து பாத்துதான் குடுத்தாரு மேடம், ஒண்ணும் ஆகாது" என்றாள் அவள், ரத்தத்தைக் குழாயடியில் கழுவிக்கொண்டே.

மூக்கண்ணன் காலிக் கையை இரண்டு பக்கமும் மாறி மாறிக் காட்டினார். "வெந்தது இடதுதான்... இல்ல, வலதா... எனக்கே குழப்பமா இருக்கு மேடம்."

மருத்துவர் காயத்தைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். உயிருள்ள கிருமி என்றால் மருந்து தொடங்கியே ஆக வேண்டும், வயிற்றில் பிள்ளை இருக்கையில் வீணாகக் கொடுக்க மனமில்லை, ஒரு நாள் பொறுக்கலாம், நாளைக்குள் தெரிந்து சொல்லுங்கள் என்றார். மேடம், கழுவாமல் மிஞ்சிய கூடையிலிருந்து ஒவ்வொரு சொட்டு எடுத்து, கிருமிக்கான தீனி நீர் ஊற்றிய நாலு புது ட்யூப்களில் விட்டு, கிருமி வளர்க்கும் வெதுவெதுப்பான பெட்டியில் வைத்தார்.

"காலையில இது கலங்கியிருந்தா, இந்தக் கூடைதான் வேகாதது. அவ கழுவுனது வெந்தது. தப்பிச்சா."

"கலங்கினா நல்லதா மேடம்?"

"இன்னிக்கு மட்டும் நல்லது."

இது அவர் மண்டையில் ஏறவே இல்லை. கலங்கல் என்றால் கெட்டது, தெளிவு என்றால் சுத்தம். இருபத்தாறு வருஷம் அப்படியே பழகிய ஆள். வீட்டில் விரல் விட்டு எண்ணி எண்ணிப் பார்த்தார், இது கலங்கினால் அது வெந்தது, அது வெந்தால் இது... பாதியில் அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். கடைசியில், "கிருமி வளரணும், எப்படியாச்சும் வளரணும்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"ஏங்க, இத்தன வருஷமா அதக் கொல்லத்தானே போனீங்க?" என்று மனைவி முறைத்தாள்.

மறுநாள் காலை லேபில் அந்தப் பெண்ணும் மூக்கண்ணனும் நிற்க, மேடம் பெட்டியைத் திறந்தார். நாலு ட்யூப்பும் பளிச்சென்று இருந்தன. பார்த்ததும் பழக்கதோஷத்தில் மூக்கண்ணனுக்கு நிம்மதிதான் வந்தது. பிறகு மேடத்தின் முகத்தைப் பார்த்தார். குழப்பமெல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது. போகாமலே இருந்திருக்கலாம்.

"தண்ணி மாதிரி தெளிவா இருக்கேண்ணே! அப்ப நான் தப்பிச்சேன்ல?" அவள் சிரித்தாள்.

மேடம் பேச வாயெடுத்தார். மூக்கண்ணன் கையைக் காட்டித் தடுத்தார்.

"இல்லம்மா. நீ கழுவுனதுதான் வேகாதது. எனக்கு நேத்து வாசனையே தெரியல. சும்மா கையக் காட்டிட்டேன். வா, இப்பவே டாக்டர்கிட்ட போய் மருந்து வாங்கிருவோம்."

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. கட்டுப் போட்ட விரலைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் புரியாதவளாய் அவரையே பார்த்தாள்.

"நான் உங்களக் கேட்டுட்டுத்தானேண்ணே எடுத்தேன்?"