சின்னத்தாய் கொடுத்த நோஞ்சான் கன்று

சின்னத்தாய்க்குப் பொறாமை என்பது முழங்கால் வலி மாதிரி. விடிகாலைக் குளிரில் கூடும், வெயில் ஏறினால் கொஞ்சம் தணியும், அடியோடு விட்டுப்போன நாள் கிடையாது. மூணாறுக்கு மேலே, தேயிலைக் காட்டை ஒட்டிய மூன்று சென்டில் அவள் வீடு. காலையில் கதவைத் திறந்தால் எதிரே மலைதான் தெரிய வேண்டும். ஆனால் மலைக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பூமாரியின் விசிறிப்பனை வந்து கண்ணில் நிற்கும்.

முப்பத்து நான்கு வருஷம் இருவரும் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து கிள்ளியவர்கள். சாயங்காலம் சாக்கை நிறுக்கும்போது சின்னத்தாய் தன்னுடையதை இறக்கிவிட்டு நகர மாட்டாள். பூமாரியின் சாக்கு தராசில் ஏறி முள் நிற்கும்வரை, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை உதறுவதுபோல் அங்கேயே நிற்பாள். பூமாரிக்கு எப்போதும் ஒரு கிலோ கூட. "அவளுக்கு வாய்ச்ச நிரை அப்பிடி. நல்ல செடியெல்லாம் அவ பக்கம்" என்று சொல்லிச் சொல்லி, தொல்லை தாங்காமல் கங்காணி ஒருநாள் இருவருக்கும் நிரையை மாற்றிக் கொடுத்தார். அன்றைக்குப் பூமாரிக்கு இரண்டு கிலோ கூட. அதற்குப் பிறகு சின்னத்தாய் நிரையைப் பற்றிப் பேசியதில்லை.

பூமாரி அவளைவிட நாலு வயது இளையவள். ரத்த உறவு எதுவும் கிடையாது. தோட்டத்து லயத்து வீடுகளில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்த நாளிலிருந்தே "மதினி" என்றுதான் கூப்பிடுவாள். அந்த மதினியில் ஏதும் குத்தல் இருக்கிறதா என்று சின்னத்தாய் பல வருஷம் உற்றுக் கேட்டிருக்கிறாள். இருந்ததாகத் தெரியவில்லை. அதுவும் ஒரு குறைதான்.

பனை வந்தது ஒன்பது வருஷத்துக்கு முன்னால். சின்னத்தாயின் மகன் லோகேஷ் ஜீப் ஓட்டுகிறான். டூரிஸ்ட்டுகளைக் கூட்டிப்போன ஒரு நர்சரியிலிருந்து இரண்டு கன்றுகளை வாங்கி வந்தான். இந்த உயரத்தில் தென்னை பிழைக்காது, நம்மூர்ப் பனையும் பிழைக்காது. ஆனால் இந்தச் சாதி உறைபனியைத் தாங்கும் என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். ஒரு கன்று நாலு விசிறியோடு நிமிர்ந்து நின்றது. இன்னொன்றுக்கு ஒரே இலை, அதுவும் மஞ்சள் பாய்ந்தது. சின்னத்தாய் நல்லதை வைத்துக்கொண்டாள். நோஞ்சானைச் சுவருக்கு மேலே நீட்டி, "இந்தா பூமாரி, பொழச்சா பாத்துக்க" என்றாள்.

தன் கன்றை ரோட்டைப் பார்த்த மேட்டில் வைத்தாள், போகிற வருகிற ஜீப்பெல்லாம் பார்க்கட்டும் என்று. மேட்டில் காற்று பேயாக அடிக்கும். விசிறி விரிந்த வாரத்திலேயே கிழிந்து நாராகும். இடம் சரியில்லை என்று இரண்டு தடவை பிடுங்கி மாற்றினாள், இரண்டு தடவையும் ரோட்டுப் பக்கமே. ஒவ்வொரு டிசம்பரிலும் பிளாஸ்டிக் தாளால் தலையை மூடிக் கட்டினாள். பூமாரியோ குளியலறைக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு குழி தோண்டி, வைத்துவிட்டு மறந்துபோனாள். காற்று தொடாத இடம். துணி அலசிய தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் ஓடும். இன்றைக்கு அது குளியலறைக் கூரையைத் தாண்டி, பழுப்பு நாரைக் கம்பளிபோல் போர்த்திக்கொண்டு நிற்கிறது. சின்னத்தாயின் மரம் அவள் இடுப்பளவு. தேய்ந்த விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டதுபோல் இருக்கும்.

டூரிஸ்ட்டுகள் ஜீப்பை நிறுத்திப் படம் எடுப்பது பூமாரியின் மரத்தைத்தான். அவர்கள் கேட்டால் பூமாரி மறைக்காமல், "எங்க மதினி தந்த கன்னு" என்பாள். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிக்கிற சின்னத்தாய்க்குக் கண் எரியும்.

போன ஜனவரிக் கடைசியில் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பனிக்காலம் முடிந்து பிளாஸ்டிக்கை அவிழ்த்தபோது அழுகிய முட்டைக்கோஸ் வாடை அடித்தது. குருத்தைத் தொட்டாள். அப்படியே கையோடு வந்துவிட்டது. பனி தொடவில்லை, உள்ளே கோத்த ஈரம் தின்றிருக்கிறது. பக்கத்து வீட்டில் தெரிந்தால் என்ன ஆவது? பூமாரி கழித்துப்போட்ட ஓலை ஒன்றைத் தேயிலைக் கரையிலிருந்து பொறுக்கி வந்து மொட்டைத் தலையில் சொருகினாள். அது காய்ந்தால் இன்னொன்று. கடைசியாகச் சொருகியது தீபாவளி வாரத்தில், பூமாரி குளியலறைக்கு நீலப் பெயின்ட் அடித்த கையோடு கழித்துப்போட்ட ஓலை.

இந்த ஜனவரியில் பனி கடுமையாக இருக்கும் என்று செய்தி. ஒருநாள் மதியம் பூமாரி ஸ்டூலின் மேல் ஏறி நின்று, தன் மரத்தின் தலையைப் பெரிய பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பூமாரி, மரத்துக்கு முக்காடு போடுத? மாப்பிள வீட்டுக்காரங்க வாராங்களோ?"

"பனி கொட்டப்போகுதுன்னு டி.வி.யில சொல்லுதாங்க மதினி. எம்மக இந்துவுக்குப் பேறுகால நாள் நெருங்கிட்டு. போடிக்குப் போனா நான் திரும்பிவர இருவது நாளு ஆவும். நீ வருசா வருசம் கட்டுவல்ல, அதப் பாத்துத்தான்."

சின்னத்தாயின் வாய் திறந்தது. 'கட்டாத, அழுகிரும்' என்று மூன்று விநாடியில் சொல்லிவிடலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். வாய் மூடிக்கொண்டது.

"கொஞ்சம் பாத்துக்க மதினி. நீ தந்த மரந்தான."

"போயிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டாள். தினமும் காலையில் காபி டம்ளரோடு மதில் ஓரம் போய்ப் பார்த்தாள். மூன்றாம் நாள் தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். ஐந்தாம் நாள் உள்ளே ஒன்றும் தெரியாமல் மூடுபனி. எட்டாம் நாள் தாளோடு ஒட்டிய இலை நுனிகளில் மஞ்சள். நான் ஒன்றும் செய்யவில்லை, கட்டினது அவள், என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததுதான் பிடிக்கவில்லை. மற்றபடி சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது. குளியலறைக் கூரைக்கு மேலே ஒன்றுமில்லாத வெறும் வானத்தை ஒரு தடவை நினைத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் லோகேஷ் ஒரு ஜீப் நிறைய ஆட்களை ஏற்றி வந்து ரோட்டில் நிறுத்தி, "அந்தா கட்டிவச்சிருக்குல்ல, அது எங்கம்மா குடுத்த மரம். அவங்கதான் இப்பக் காவல்" என்று பெருமையடித்தான். அவர்கள் படமெடுத்துக்கொண்டிருக்கையில் மதிலருகே வந்தவன் நின்று பார்த்தான்.

"என்னம்மா இது, இட்லிச் சட்டி கணக்கா உள்ள வேர்த்து ஊத்துது? மரம் வெந்துரப்போவுது."

"அவ கட்டினது. எனக்கென்ன?"

"உனக்கென்னவா? ஒம் மரம் அந்த லட்சணத்துல நிக்குது. நீ குடுத்த மரமும் போச்சுன்னு வையி, சின்னத்தா கை ராசி அப்பிடின்னு லயம் பூராம் பேசுவாங்க. நான் கன்னு வாங்கியாந்து உங்கைல குடுத்தேன் பாரு, என்னயச் சொல்லணும்." சிரித்துக்கொண்டே போய் ஜீப்பில் ஏறினான்.

சின்னத்தாய் அசையாமல் நின்றாள். இந்தக் கோணம் அவளுக்குத் தோன்றவே இல்லை. மரம் செத்தால் பூமாரி மட்டம் ஆவாள் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள். அவள் ஆக மாட்டாள். "பாவம் பூமாரி" என்றுதான் சொல்வார்கள். அதிலும் அவளுக்கு ஒரு கிலோ கூட.

மறுநாள் புல்லெல்லாம் வெள்ளை. வெயில் தொட்டதும் அரிவாளோடு போய், ஸ்டூலைப் போட்டு, முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறினாள். கயிற்றை அறுத்துத் தாளை உருவியதும் உள்ளேயிருந்து ஆவி முகத்தில் அடித்தது. லேசான புளித்த வாடை. அந்த வாடை அவளுக்குத் தெரியும். நடுக்குருத்தைப் பிடித்தாள். போன வருஷம் தன் மரத்தில் கையோடு வந்ததும் இதே நடுக்குருத்துதான். இழுத்தாள். அசையவில்லை. சந்தேகத்துக்கு இன்னும் கொஞ்சம் பலமாகவே இழுத்தாள், எந்தச் சந்தேகத்துக்கு என்று அவளுக்கே தெரியாது. இரும்புக் கம்பிபோல நின்றது.

"அப்பாடி" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "நோஞ்சானுக்கு வந்த தெம்பப் பாரு" என்றாள். முந்தானையால் மரத்தின் கொண்டைப் பகுதியின் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு இறங்கினாள்.

அந்த வாரம் பனி கொட்டித் தீர்த்தது. தேயிலையே கருகிச் சிவந்தது. ஒவ்வொரு காலையும் விசிறிகளின் விளிம்பில் பனி உறைந்து நின்றது. ஒவ்வொரு மதியமும் அவை கழுவி வைத்ததுபோல் பச்சையாக நின்றன. கருகிய இலை ஒன்றாவது கிடைக்காதா என்று சின்னத்தாய் தேடினாள். கிடைக்கவில்லை.

பூமாரி ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடும் பேத்தி பிறந்த செய்தியோடும் வந்தாள். செருப்பைக் கழற்றுமுன் மரத்தைத்தான் பார்த்தாள்.

"ஏன் மதினி அவுத்துட்ட?"

"உள்ள வேர்த்துது. விட்டிருந்தா அழுகிருக்கும்."

"அழுகுமா? உனக்கு எப்பிடித் தெரியும்?"

கேட்டேவிட்டாள். லோகேஷ் சொன்னான், டி.வி.யில் சொன்னார்கள் என்று நாக்கில் நாலு பொய் வந்து நின்றது. முப்பத்து நான்கு வருஷத்தில் தன் தராசு முள்ளைப் பூமாரிக்குத் தானே காட்டியதில்லை.

"என்னது அழுகிட்டு. போன வருசம். இதே மாதிரி கட்டித்தான்."

பூமாரி சிரிக்கவில்லை. கன்னத்தில் கைவைத்தாள். "ஐய, அப்பப் பனியில போவலியா அது? பனியிலதான் போச்சுன்னு நெனச்சுல்லா நான் எம்மரத்தக் கட்டினேன்!"

"போச்சுன்னு உனக்கு எவ சொன்னா? அந்தா நடுவுல ஓல நிக்குதுல்ல?"

"நிக்குது. நீலப் பெயின்ட்டோட நிக்குது. எங்க பாத்ரூம் பெயின்ட்டு எனக்குத் தெரியாதாக்கும்?"

சின்னத்தாயின் முகத்தில் ரத்தம் ஏறியது. தீபாவளியிலிருந்து மூன்று மாசம். மூன்று மாசமாக இவள் பார்த்துக்கொண்டு, மூச்சுவிடாமல் இருந்திருக்கிறாள்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்லட்டி?"

"சொன்னா நீ எம்மொகத்துல முழிப்பியா மதினி?" என்றபடியே பூமாரி மேட்டில் ஏறி, சொருகிய ஓலையைப் பிடுங்கினாள். குனிந்து பார்த்தாள். "ஏ மதினி, இங்க வா. வருது பாரு. நீ இத நட்டுவச்சதுல அது தலை முட்டிக்கிட்டு நிக்கி."

அடியில், வளைந்து, வெளிர்பச்சையாக ஒரு புதுக்குருத்து. சின்னத்தாய் விரலை வைத்து அளந்தாள். இரண்டு விரற்கடை. பிறகு நிமிர்ந்து, குளியலறைக் கூரைக்கு மேலே பார்த்தாள்.

"ஒன்னுது நான் அவுத்துவிட்ட பொறவு எம்புட்டு வளந்திருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நான் போடியில கெடந்தேன்."

"மூணு வெரக்கட" என்றாள் சின்னத்தாய். "தெனமும் அளந்தேன்."