இறுக்கிப் பிடிங்க சார்

ஸ்ரீரங்கத்துப் படித்துறையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். அதிலிருந்து பக்கெட்டைத் தூக்கினாலே மணிக்கட்டு ‘களுக்’ என்றது. ஒன்பது வாரங்களில் எடுத்த இரண்டு எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. நான் நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் அது முன்பே வந்திருந்தது.

மூன்றாவது படத்துக்குப் புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே எடுப்பவர் குள்ளமானவர். காதில் ஒரு பென்சில். நான் கையை விரித்து வைத்ததும் தலையை ஆட்டினார்.

“இது தூங்குற கை சார். வேலை வாங்கினாத்தான் வண்டவாளம் தெரியும். டாக்டர் முஷ்டியை மடக்கி எடுக்கச் சொல்லியிருக்காரு. இறுக்குங்க.”

இறுக்கினேன்.

“பத்தாது. உங்களுக்கு யார் மேல கோவம்?”

யோசித்துச் சொன்னேன். “அபார்ட்மென்ட் செக்ரட்டரி.”

“அவரு சட்டையைப் பிடிச்சிருக்கீங்க. விடாதீங்க!”

திரையில் இரண்டு சிறு எலும்புகளுக்கு நடுவே இடைவெளி பளிச்சென்று தெரிந்தது.

“விலகியிருக்கு சார்!” என்று கத்தினார்.

“விலகியிருக்கா!” என்று நானும் கத்தினேன். லாட்டரி விழுந்தவர்களைப் போலச் சிரித்தோம்.

எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் லிகமென்ட் கிழிந்திருக்கிறது, தைத்துக் கம்பி போட வேண்டும் என்றார் டாக்டர். கல்யாணத்துக்குச் சம்மதிப்பதுபோல் தலையாட்டினேன்.

திரும்பும்போது எக்ஸ்ரே அறையில் பென்சில்காரர் குரல் கேட்டது. என்னோடு வரிசையில் இருந்த மணப்பாறை முறுக்குக்கார அம்மாவின் முறை.

“யார் மேலம்மா கோவம்?”

“ஒருத்தர் மேலயும் இல்லைங்களே.”

“அப்படியா? சரி, என் மேல வெச்சுக்கங்க. இறுக்குங்க!”