பூண்டி நிலையம் பற்றி நான் எழுதிய அறிக்கை

பூண்டி நிலையத்துக்கு வந்துபோகும் விவசாயிகள் கையெழுத்திடும் வருகைப் பதிவேட்டைத் திறந்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். ஓர் ஆண்டுக்கு நாலைந்து பெயர்கள். மற்ற பக்கங்கள் வெள்ளையாகக் கிடந்தன.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. ஒரு வேளாண் கல்லூரியின் விரிவாக்கப் பிரிவில், பண்ணைக்காட்டு நிலையத்துக்கு நான் பொறுப்பாளர். கல்லூரியில் கண்டறிந்ததை விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. அந்த ஆண்டு நிதியை வெட்டிவிட்டார்கள். மலையில் இருந்த இரண்டு நிலையங்களில் ஒன்றை மூட வேண்டும்; எதை என்று அறிக்கை தரும்படி இயக்குநர் என்னிடமே ஒப்படைத்தார். ஒன்று பூண்டி, மற்றொன்று என்னுடையது. என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். பஸ் வரும் ஊரையும் தெரிந்த மருத்துவச்சியையும் விட்டுப் போக எனக்கு மனமில்லை.

பூண்டியில் இருந்தவர் ஒரு பீல்டுமேன், என்னைவிட மூத்தவர். அவருடைய பதிவேடு ஏன் வெறுமையாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். முந்தைய மழைக்காலத்தில் ஒரு நாள் முழுக்க அவரோடு நடந்திருக்கிறேன். வெள்ளனே மருந்துத் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் உருளைக்கிழங்குக் காடாக ஏறி இறங்குவார். இலையைப் புரட்டிப் பார்த்தே கருகல் நோய் வருவதைச் சொல்லிவிடுவார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அவரே அடித்தும் கொடுப்பார். "அவங்க சோலியப் போட்டுட்டு நம்மளத் தேடி வரணுமா சார்? நாம போனா ஆச்சு" என்றார் அன்று.

'விவசாயிகளின் வருகை மிகக் குறைவு' என்று எழுதி அனுப்பினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

உத்தரவு வந்ததும் அவர் என்னைப் பார்க்க வந்தார். சண்டை பிடிப்பார் என்று பயந்திருந்தேன். "கெழங்கு பூவெடுக்குற நேரங்க சார். இந்த மழை முடியிற மட்டும் என்னைய அங்கன விட்டுவைக்கச் சொல்லி ரெண்டு வரி எழுதுங்க" என்றார். எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. எழுதினால் என் அறிக்கையை நானே மறுத்ததாகிவிடும். அவரை அடிவாரத்தில், அய்யம்பாளையத்து விதைக் கிடங்கில் மூட்டைகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள்.

அந்த மழையிலேயே பூண்டியிலிருந்து ஒரு பெண் வந்தார். முந்தானையில் கருகிய செடிகள்.

"எங்க பீல்டுமேன் ஐயா எங்கங்க? காடு பூராவும் கருகிக் கெடக்கு."

"மாத்திட்டாங்கம்மா."

"யாருங்க மாத்துனது?"

"மேலிடத்துல" என்றேன்.

"மேல இருக்கவங்களுக்கு எங்க கஷ்டம் என்ன தெரியும்? நீங்களாச்சும் இருக்கீங்களே சார்" என்று கும்பிட்டார்.

மருந்தை எடுத்துக்கொண்டு அன்றே அவரோடு போனேன். காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை. செடியைப் பிடித்து இழுத்தால் அழுகிய கிழங்கு கையில் பிசுபிசுத்தது. ஆனாலும், மழையில் இவ்வளவு தூரம் வந்த மனிதர் என்று, அந்தப் பெண்ணின் வீட்டார் காட்டு ஓரத்திலேயே அடுப்பு மூட்டி எனக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள்.

அறிக்கை எழுதியதற்கு இன்று எனக்கு நானே ஏதோ ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ள முடிகிறது. அந்தக் காப்பியை வாங்கிக் குடித்ததற்கு முடியவில்லை.